சொட்டு ஈரம் இல்லை, கூலன்ட் மட்டும் குறைகிறது: பழைய எம்ஜிஎஃப் காரில் எங்கே தேடுவது?

தம்பி, உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் படிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும். லெஸ்டரில் இருக்கிறீர்கள். கார் 1999 எம்ஜிஎஃப் (இங்கிலாந்தின் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்), 1.8 எம்பிஐ இன்ஜின், 71,000 மைல். வாங்கி ஒரு வருடம் ஆகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) ஊற்ற வேண்டியிருக்கிறது. நிறுத்தும் இடத்தில் ஈரம் கிடையாது, ஆயில் சுத்தமாக இருக்கிறது, டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. சில காலைகளில் மட்டும் ஸ்டார்ட் செய்ததும் ஐந்தாறு நொடி இன்ஜின் தடுமாறிவிட்டுச் சரியாகிறது. டாங்க் மூடியை மாற்றியாயிற்று, ஒரு ஹோஸும் மாற்றியாயிற்று. ஒரு மெக்கானிக், ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார். நண்பர் ஒருவர் கசிவடைக்கும் திரவம் ஒரு பாட்டில் ஊற்றினால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் இன்லெட் மேனிஃபோல்டு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழல்களின் தொகுதி) கேஸ்கட் மேல்தான். ஹெட்டைக் கழற்றுவதோடு ஒப்பிட்டால் அது சின்ன வேலை, செலவும் மிகக் குறைவு. ஆனால் சந்தேகத்தை நம்பி ஸ்பேனரை எடுக்கக் கூடாது. இரண்டு மூன்று சோதனைகளில் கூலன்ட் எங்கே போகிறது என்று உறுதியாகவே கண்டுபிடித்துவிடலாம். அதுவரை காரை நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம். வேறு காராக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்க மாட்டேன். இந்த இன்ஜின் விஷயத்தில் சொல்லியே ஆக வேண்டும், காரணமும் சொல்கிறேன்.

உங்கள் காரில் இருப்பது ரோவர் நிறுவனத்தின் கே சீரிஸ் இன்ஜின். 1989-90-ல் 1.1, 1.4 லிட்டர் அளவுகளில் வந்தது. அந்தக் காலத்துக்கு மிக எடை குறைவான, கெட்டிக்காரத்தனமான வடிவமைப்பு. ஹெட், பிளாக், அடியில் கிராங்கைத் தாங்கும் சட்டம், அதற்கும் கீழே ஆயில் ரெயில் என்று அலுமினியத் துண்டுகளை அடுக்கி, மேலிருந்து கீழ்வரை போகும் பத்து நீண்ட போல்ட்டுகளால் சாண்ட்விச் மாதிரி இறுக்கிக் கட்டியிருப்பார்கள். பிறகு அதே இன்ஜினை 1.8 லிட்டராக வளர்த்தபோது சிலிண்டர் விட்டத்தை 75 மில்லிமீட்டரிலிருந்து 80 ஆக்கினார்கள். பிளாக்கின் வெளி அளவு பெரிதாக மாறவில்லை. உள்ளே இடம் வேண்டுமே, அதனால் லைனர்களை (பிஸ்டன் ஓடும் உலோகக் குழாய்களை) நடு உயரத்தில் ஒரு விளிம்பின் மேல் உட்கார வைத்தார்கள். லைனரின் மேல் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட மயிரிழை அளவு உயர்ந்து நிற்க வேண்டும். அந்த உயரம்தான் கேஸ்கட்டை, சிலிண்டரைச் சுற்றியிருக்கும் நெருப்பு வளையத்தில் அழுத்திப் பிடிக்கிறது. லைனர் கொஞ்சம் இறங்கிவிட்டால் எந்த கேஸ்கட் போட்டாலும் பிடிப்பு போய்விடும்.

இரண்டாவது விஷயம் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பொறுத்துத் திறந்து மூடும் வால்வு. பல இன்ஜின்களில் அது சூடான நீர் வெளியேறும் பக்கம் இருக்கும். இதில் குளிர்ந்த நீர் உள்ளே வரும் பக்கம், பம்புக்கு முன்னால் இருக்கிறது. எம்ஜிஎஃப் காரில் இன்ஜின் உங்கள் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர் காரின் மூக்கில். நடுவில் காரின் அடிவயிறு வழியாக நீளமான குழாய்கள். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்வரை இன்ஜினுக்குள் இருக்கும் கொஞ்சம் நீர் மட்டும் சுற்றிச் சுற்றி வேகமாகச் சூடேறுகிறது. திறந்த கணத்தில் முன்பக்கத்திலிருந்து ஐஸ் மாதிரி குளிர்ந்த நீர் வந்து சூடான பிளாக்கில் மோதுகிறது. தெர்மோஸ்டாட் உடனே மூடிக்கொள்கிறது. மறுபடி சூடு, மறுபடி குளிர். ஹெட் ஒரு அளவு விரிய, பிளாக் வேறு அளவு சுருங்க, நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கட் பக்கவாட்டில் தேய்கிறது. ஹெட்டையும் பிளாக்கையும் நேராகப் பிடிக்கும் டவல்களை (சின்ன ஊசிகளை) கொஞ்ச காலம் பிளாஸ்டிக்கில் வேறு போட்டிருந்தார்கள். பின்னால் மறுபடி இரும்புக்கு வந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் கூலன்ட் நிறைந்திருக்கும்வரை எல்லாம் ஓரளவு சமாளிக்கும். அளவு குறைந்து காற்று புகுந்தால் நிலைமை மாறிவிடுகிறது. இன்ஜினுக்குள் இருக்கும் நீரே குறைவு, அதில் ஒரு லிட்டர் போனால் ஹெட்டின் மேல் மூலைகளில் நீராவி தேங்கும். அந்த இடம் மட்டும் கொதிக்கும். முள் அதைக் காட்டாது. சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மையான சூட்டைச் சொல்லும், காற்றில் தொங்கினால் சும்மா இருக்கும். 'முள் நடுவிலேயே இருந்தது, திடீரென்று புகை வந்தது' என்று சொன்ன எம்ஜிஎஃப் காரர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொன்னது உண்மைதான். முள் நடுவில்தான் இருந்திருக்கும்.

ஆகவே 'கே சீரிஸ் என்றாலே ஹெட் கேஸ்கட் போகும்' என்ற பேச்சில் பாதிதான் சரி. நான் பார்த்தவரை நிறைய கார்களில் முதலில் வேறு எங்கோ ஒரு சின்னக் கசிவு. அதைக் கவனிக்காமல் ஓட்டியதில் ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. உங்கள் கார் இப்போது அந்த முதல் கட்டத்தில் இருக்கலாம் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, சோதனைகளுக்கு வருவோம். அதற்கு முன்னால் ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள். எக்ஸ்பான்ஷன் டாங்கின் (கூலன்ட் ஊற்றும் டாங்கின்) வெளிப்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டி, காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் நிறுத்தி, அளவைக் கோடு போடுங்கள். பக்கத்தில் மைல் எண். ஒவ்வொரு காலையும் இதையே செய்யுங்கள். சூடான இன்ஜினில் அளவு பார்த்தால் நீர் விரிந்து ஏமாற்றும். மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

இந்தக் கணக்கில் இன்னொரு பிரயோஜனமும் உண்டு. உங்களுக்கு ஹோஸ் மாற்றினார்கள் அல்லவா, அப்போது உள்ளே போன காற்றைச் சரியாக எடுத்திருக்காவிட்டால், அடுத்த பல நாட்களுக்கு அந்தக் காற்று கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி டாங்குக்கு வரும். அதன் இடத்தை நீர் நிரப்பும். டாங்கில் அளவு இறங்கும். கசிவே இல்லாமல் கசிவு மாதிரி தெரியும். காற்று வெளியேறுவதுதான் காரணம் என்றால் இறக்கம் நாளுக்கு நாள் குறைந்து நின்றுவிடும். உண்மையான கசிவென்றால் ஓடிய மைலுக்கு ஏற்பத் தொடர்ந்துகொண்டே இருக்கும்.

அடுத்து பிரஷர் டெஸ்ட். டாங்க் மூடிக்குப் பதிலாக ஒரு அடாப்டரை மாட்டி, கைப்பம்பால் காற்றடித்து, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏற்ற வேண்டும். அதற்கு மேல் போகாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும், இது முக்கியம். சூடான இன்ஜினில் சின்னக் கசிவு வெளியே வந்த உடனே ஆவியாகிவிடும், கண்ணுக்குத் தெரியாது. உங்கள் தரையில் ஈரம் இல்லாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். குளிர்ந்த அலுமினியம் சுருங்கியிருப்பதால் காலையில்தான் பல கசிவுகள் தாராளமாக வெளிப்படும். பல கராஜ்களில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்துவிட்டு 'பரவாயில்லை' என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது போதாது. குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க விட வேண்டும். டெஸ்டர் ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது. கராஜில் ஒருமுறை கொடுக்கும் கூலியைவிட அதிகம் ஆகாது.

அழுத்தம் ஏறியிருக்கும்போது டார்ச்சும் ஒரு சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு தேடுங்கள். எம்ஜிஎஃப் காரில் வழக்கமாகக் கசியும் இடங்கள் உண்டு. முன் பம்பருக்குப் பின்னால் ரேடியேட்டரின் கீழ் மூலைகள். சாலையில் தூவும் உப்பும் சேறும் அங்கேதான் தங்கும், அலுமினியத் தகடுகள் தொட்டால் மாவாக உதிரும். அப்புறம் காரின் அடியில் ஓடும் இரும்புக் குழாய்கள். இருபத்தைந்து குளிர்காலம் பார்த்தவை அவை. கிளிப் பிடிக்கும் இடங்களில், பெயின்ட்டுக்கு அடியில் துரு தின்றிருக்கும். அங்கே பழுதென்றால் ஒட்டுப்போடாமல் ஸ்டெயின்லெஸ் குழாய் செட் போட்டுவிடுங்கள். பயணி பக்கம் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் ஹீட்டர் மேட்ரிக்ஸ் (காருக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) கசிகிறது. கண்ணாடியில் உட்புறம் எண்ணெய் மாதிரி பனி படிவதும் அதன் அடையாளம்தான்.

வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டால் ஓடுவது. அதன் சீலில் கசிந்தால் பெல்ட் கவரின் அடிவிளிம்பில் ஒரு கோடு காய்ந்து நிற்கும். அதைப் பார்த்தால் தள்ளிப்போடாதீர்கள். பம்ப் பேரிங் இறுகினால் பெல்ட் போகும், பெல்ட் போனால் வால்வுகள் போகும்.

காய்ந்த அடையாளம் என்றேன், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூலன்ட்டில் நீர் போய்விட்டாலும் அதில் கலந்த உப்பும் சாயமும் போகாது. உலோகத்தின் மேல் வெள்ளையாகவோ, இளஞ்சிவப்பாகவோ, பச்சையாகவோ ஒரு பொருக்கு விட்டுப் போகும். ஈரத்தைத் தேடுவதைவிட இந்தப் பொருக்கைத் தேடுவது மேல். நான் கராஜில் வேலை பார்த்த காலத்தில் ஒரு எம்ஜிஎஃப் வந்தது. வேறொரு கராஜில் ஹெட் கேஸ்கட் மாற்றி நான்கு மாதம் ஆகியிருந்தது, கூலன்ட் அதே மாதிரி குறைந்துகொண்டிருந்தது. காரின் சொந்தக்காரர் இரண்டாம் முறையும் ஹெட்டைக் கழற்றத் தயாராகவே வந்திருந்தார். இரவு முழுக்க பிரஷரில் விட்டோம். காலையில் டெஸ்டரின் முள் பாதிக்கு இறங்கியிருந்தது, வெளியே எங்கும் சொட்டு இல்லை. இன்லெட் மேனிஃபோல்டுக்கு அடியில் பல் டாக்டர் வைத்திருப்பது மாதிரி ஒரு கண்ணாடியை நுழைத்துப் பார்த்தேன். மேனிஃபோல்டும் ஹெட்டும் சேரும் இடத்தில், கடைசி ஓரத்தில், ஒரு இளஞ்சிவப்புக் கோடு. தலைமுடி அளவு கனம், ஒரு அங்குல நீளம். நகத்தால் சுரண்டியபோது உப்பு மாதிரி உதிர்ந்தது. மேனிஃபோல்டைக் கழற்றியதும் கேஸ்கட் அதன் பள்ளத்திலிருந்து அப்பளம் மாதிரி ஒடிந்துகொண்டு வந்தது. முதலில் வேலை செய்தவர்கள் ஹெட்டை மாட்டியபோது அந்தப் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள். புது கேஸ்கட் போட்டோம், கசிவு நின்றது. அந்த மனிதர் அதற்கு முன்னால் செலவழித்த தொகையை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை.

உங்கள் காரும் எம்பிஐ என்பதால் அதே பிளாஸ்டிக் மேனிஃபோல்டுதான். எம்ஜிஎஃப் காரில் வந்த இன்னொரு வகையான விவிசி இன்ஜினில் அது அலுமினியம், கதை கொஞ்சம் வேறு. பிளாஸ்டிக் மேனிஃபோல்டின் பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வகைக் கேஸ்கட், காற்று போகும் வழிகளை மட்டுமல்லாமல் கூலன்ட் போகும் வழியையும் அடைக்கிறது. வருடக்கணக்கில் சூடுபட்டு அது இறுகிவிடும். அப்புறம் கூலன்ட்டுக்கு இரண்டு வழி: வெளியே கசியலாம், அல்லது பக்கத்தில் இருக்கும் காற்றுக் குழலுக்குள் நுழையலாம். உள்ளே நுழைந்தால் இன்ஜின் அதைக் குடித்துவிடும். தரையில் ஒன்றும் இருக்காது, ஆயிலும் கெடாது. இரவில் குழலுக்குள் இறங்கித் தேங்கிய சில துளிகள் காலை ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டரை நனைக்கும். நீங்கள் சொன்ன ஐந்தாறு நொடித் தடுமாற்றம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. புகையை வைத்து இங்கிலாந்துக் குளிரில் ஒன்றும் சொல்ல முடியாது, எல்லாக் கார்களும் காலையில் வெள்ளையாகத்தான் விடும். வாடையை நம்பலாம். வெறும் நீராவிக்கு இனிப்பு வாடை இருக்காது.

ஆனால் ஹெட் கேஸ்கட் போனாலும் காலையில் இதே மாதிரி தடுமாறும். அப்படியானால் இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

யோசித்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் எரியும்போது இருக்கும் அழுத்தம் கூலன்ட்டின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். சிலிண்டருக்கும் கூலன்ட்டுக்கும் நடுவில் ஓட்டை இருந்தால், இன்ஜின் ஓடும்போது எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் தள்ளப்படும். நிறுத்திய பிறகுதான் கூலன்ட் சிலிண்டருக்குள் வரும். இன்லெட் குழலில் அப்படி இல்லை. அங்கே எப்போதும் உறிஞ்சல்தான். கூலன்ட் உள்ளே போகும், வாயு திரும்பி வராது. எனவே கூலன்ட்டில் எரிந்த வாயு இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் விடை வந்துவிடும். அதற்கு நீலத் திரவம் ஊற்றிய ஒரு கண்ணாடிக் குழாய் கிடைக்கிறது. டாங்கின் வாயில் வைத்து, இன்ஜின் ஓடும்போது உள்ளிருக்கும் காற்றை அதன் வழியாக இழுக்க வேண்டும். எரிந்த வாயு இருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். டாங்கில் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு செய்யுங்கள், கூலன்ட் உள்ளே ஏறினால் சோதனை கெட்டுவிடும். சும்மா ஐடிலில் செய்து 'மாறவில்லை' என்று விடாதீர்கள். ஆரம்பக் கட்டக் கசிவு பாரம் ஏறும்போதுதான் திறக்கும். அதனால் அளவை நிரப்பிக்கொண்டு, பக்கத்திலேயே ஒரு மேட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து செய்ய வேண்டும். வந்ததும் உடனே மூடியைத் திறக்காதீர்கள்; நன்றாக ஆற விட்டு, துணியை மேலே போட்டு, மெதுவாக அழுத்தம் இறக்கித் திறந்து, அதன் பிறகு அளவைக் குறைத்துக்கொள்ளவும்.

கருவி இல்லாமலே ஒரு அறிகுறியைப் பார்க்கலாம். காலையில் மூடியைத் திறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே நிமிடத்தில், நீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகாதபோது, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் அது வாயு. சூட்டில் நீர் விரிந்து அவ்வளவு சீக்கிரம் அழுத்தம் வராது.

மூன்றாவதாக ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். கூலன்ட் குடிக்கும் சிலிண்டரின் பிளக் மற்றவற்றைவிடக் கழுவி எடுத்தது போல இருக்கும். இரவு முழுக்க பிரஷரில் விட்ட மறுநாள் காலை, பிளக் இல்லாமல் இன்ஜினைச் சுற்றவிட்டால் எந்தத் துளையிலிருந்து ஈரம் தெறிக்கிறது என்றும் தெரியும். எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டுச் செய்யுங்கள், முகத்தை அருகில் கொண்டுபோகாதீர்கள். ஈரம் இருக்கிறது, நீலம் மாறவில்லை, அந்தச் சிலிண்டரில் காற்றடித்துப் பார்க்கும் லீக் டவுன் சோதனையிலும் டாங்கில் குமிழி வரவில்லை என்றால் மேனிஃபோல்டுதான். குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் மாதிரி படிவதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். கடைக்குப் போய்வருகிற மாதிரி சின்ன ஓட்டம் மட்டும் ஓடும் காரில் குளிர்காலத்தில் அது தானாகவே வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

மேனிஃபோல்டு என்று உறுதியானால்: கூலன்ட்டை வடித்து, மேனிஃபோல்டைக் கழற்றி, இரு பக்க முகங்களையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம் செய்து, திருத்திய வகை கேஸ்கட்டைப் போடுங்கள். சீலன்ட் தடவாதீர்கள். நட்டுகளை மேனுவலில் உள்ள வரிசையில், சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கசிகிறதே என்று கூடுதலாக ஒரு சுற்று இறுக்கினால் பிளாஸ்டிக் வளைந்து மறுபடி கசியும். வீட்டு வாசலில் ஒரு சனிக்கிழமையில் முடிக்கக்கூடிய வேலை.

ஹெட் கேஸ்கட் என்று வந்தால் கராஜைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: 'லைனர் உயரம் அளப்பீர்களா?' தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஹெட்டைத் தூக்கியதும் லைனர்களைக் கிளாம்ப் போட்டுப் பிடிக்க வேண்டும், கிளாம்ப் இல்லாமல் கிராங்கைச் சுற்றினால் லைனர் நகர்ந்து அடிச் சீல் பிய்ந்துவிடும். நான்கு லைனர்களும் பிளாக்கின் மட்டத்துக்கு மேலே, ஒன்றுக்கொன்று சமமாக நிற்கின்றனவா என்று அளக்க வேண்டும். ஹெட்டில் லைனர் அழுத்திய பள்ளம் இருக்கிறதா, அதிகச் சூட்டில் அலுமினியம் மெத்தென்று ஆகிவிட்டதா என்று கடினச் சோதனை செய்ய வேண்டும். மெத்தென்று ஆன ஹெட்டை எவ்வளவு இழைத்தாலும் பயன் இல்லை. பிளாஸ்டிக் டவல் இருந்தால் இரும்பு டவல். நீண்ட போல்ட்டுகளின் நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். இறுக்குவது 20 நியூட்டன் மீட்டர், அப்புறம் 180 டிகிரி, மறுபடி 180 டிகிரி, வரிசை மாறாமல்.

எந்த கேஸ்கட் என்று கேட்பீர்கள். பழைய வகை ஒற்றைத் தகட்டில் ரப்பர் கோடு அச்சிட்டது. லேண்ட் ரோவர் ஃப்ரீலாண்டர் காரிலும் இதே 1.8 இன்ஜின் இருந்ததால், அந்தப் பக்கத்திலிருந்து பல அடுக்கு எஃகு கேஸ்கட் வந்தது, கூடவே வலுவான ஆயில் ரெயிலும். பல அடுக்கு வகையைத்தான் நான் விரும்புவேன், ஆனால் லைனர் உயரம் சரியாக இருந்தால் மட்டும். லைனர் இறங்கியிருந்தால் இரண்டுமே போய்விடும். அந்த நிலையில் லைனர்களைச் சரிசெய்ய வேண்டும், அல்லது வேறு பிளாக் தேட வேண்டும். ஹெட் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றிவிடுங்கள், கூலி ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

கசிவடைக்கும் பாட்டில் பற்றி. அந்தத் திரவத்துக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. குறுகலான இடங்களில் எல்லாம் போய்த் தங்கும். உங்கள் காரில் மிகக் குறுகலானவை ஹீட்டர் மேட்ரிக்ஸும், இன்ஜினிலிருந்து எக்ஸ்பான்ஷன் டாங்குக்கு வரும் மெல்லிய ஹோஸும். அந்த மெல்லிய ஹோஸ்தான் உள்ளே சேரும் காற்றை வெளியே கொண்டுவருகிறது. அது அடைத்தால் காற்று ஹெட்டிலேயே தங்கும். இதை இப்போதே பார்க்கலாம்: குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, டாங்குக்குள் டார்ச் அடித்தால் அந்த ஹோஸிலிருந்து ஒரு மெல்லிய தாரை விழ வேண்டும். விழவில்லை என்றால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

எந்த ரிப்பேர் செய்தாலும், காற்றை எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். எம்ஜிஎஃப் காரில் மூன்று இடங்களில் பிளீட் ஸ்க்ரூ (காற்றை வெளியேற்றும் திருகு) உண்டு: ரேடியேட்டரின் மேலே ஒன்று, முன் பானெட்டுக்கு அடியில் ஹீட்டர் குழாயில் ஒன்று, இன்ஜின் பக்கக் குழாயில் ஒன்று. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூன்றையும் திறந்துவிட்டு, டாங்கில் மெதுவாக ஊற்றுங்கள். குமிழி இல்லாமல் நீர் வரும் ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். அவசரப்பட்டு வேகமாக ஊற்றினால் காற்று நடுவில் சிக்கிவிடும். அந்த ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக் என்றால் கையில் ஒடியும், பித்தளையில் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பிறகு மூடியைப் போட்டு ஃபேன் ஓடும்வரை ஓடவிட்டு, ஹீட்டரில் நல்ல சூடு வருகிறதா என்று பார்த்து, முழுக்க ஆறவிட்டு மறுபடி நிரப்புங்கள். அடுத்த நான்கைந்து காலைகள் அளவு பாருங்கள். கூலன்ட்டும் கனிமம் நீக்கிய நீரும் பாதிக்குப் பாதி. இந்த விகிதத்தில் மைனஸ் 35 டிகிரி வரை உறையாது. வேறு வேறு வகைக் கூலன்ட்டுகளைக் கலக்காதீர்கள், நிறத்தை மட்டும் பார்த்து ஒரே வகை என்று முடிவு செய்யவும் கூடாது. உள்ளே இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் முழுக்கக் கழுவிவிட்டு ஒரே வகை ஊற்றுங்கள்.

எல்லாம் முடிந்ததும் இரண்டு பொருட்கள் வாங்குங்கள் என்று சொல்வேன். ஒன்று கூலன்ட் அளவு குறைந்தால் சத்தமிடும் அலாரம். டாங்கில் ஒரு சென்சார், டாஷ்போர்டில் ஒரு விளக்கு, அவ்வளவுதான். முள் சொல்லாததை அது சொல்லும். என் காராக இருந்தால் ரிப்பேருக்கு முன்னாலேயே மாட்டியிருப்பேன். இன்னொன்று, ஃப்ரீலாண்டரிலிருந்து வந்த பிரஷர் ரிலீஃப் தெர்மோஸ்டாட். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பம்பின் அழுத்தத்தாலும் கொஞ்சம் திறந்துகொள்ளும். அதனால் குளிர்நீர் ஒரேயடியாக வந்து மோதாமல் கலந்து கலந்து வரும். இது அவசரமில்லை. ஹெட் வேலை செய்தால் கூடவே செய்யலாம், மேனிஃபோல்டு கேஸ்கட்டோடு முடிந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

கார் இதற்கெல்லாம் தகுமா என்றும் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அடிச் சட்டமும் சப் ஃபிரேமும் துருப்பிடிக்காமல் இருந்தால் கட்டாயம் தகும். இருக்கைக்குப் பின்னால் இன்ஜின், மேலே திறந்த வானம், இவ்வளவு குறைந்த விலையில் இப்படி ஒரு கார் மறுபடி வரப்போவதில்லை. ஆனால் துருவைப் பார்க்காமல் இன்ஜினில் பணம் போடாதீர்கள். பிரஷர் டெஸ்டுக்குக் காரைத் தூக்கும்போதே அடியையும் பார்த்துவிடலாம்.

இந்த வாரக் கடைசியில் பிரஷர் டெஸ்ட் செய்தால், ஆரம்ப அழுத்தம், அரை மணியில் எவ்வளவு இறங்கியது, காலையில் எவ்வளவு, நான்கு பிளக்குகளின் படம், இவற்றை அனுப்புங்கள். மேனிஃபோல்டின் அடியையும் போனை நுழைத்து ஒரு வீடியோ எடுங்கள், டார்ச் போட்டுக்கொண்டு. பார்த்துவிட்டு அடுத்து எதைக் கழற்றலாம் என்று சொல்கிறேன்.